ஷூவுக்குள் ஒரு ஏரி

கேள்வி: ஐப்பசி பிறந்தால் போதும், சைக்கிளில் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் ஷூ, சாக்ஸ் எல்லாம் தொப்பலாகிவிடுகிறது. கால் நனையாமல் போக வழி உண்டா?
— ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: வேளச்சேரியில் இருந்துகொண்டு சைக்கிளா? ஓடம் வாங்கியிருக்கலாம்!

நீங்கள் வானத்தைத் திட்டுகிறீர்கள். பாதிக் குற்றவாளி உங்கள் முன்சக்கரம். ரோட்டுத் தண்ணீரை வாரி நேராகப் பாதத்தில் அடிப்பது அதுதான். முன் மட்கார்டின் நுனியில் ஒரு ரப்பர் துண்டைத் திருகி, தரைக்கு நாலு விரல் மேலே தொங்கவிடுங்கள். மீதித் தண்ணீர் பேண்ட் வழியே சாக்ஸில் இறங்கி ஷூவுக்குள் போகிறது. வாட்டர்புரூஃப் ஷூவும் இதைத் தடுக்காது. உள்ளே போனதை வெளியே விடாமல் பத்திரமாக வைத்திருக்கும், அவ்வளவுதான். ஆகவே மழைப் பேண்ட்டை ஷூவுக்கு மேலே விடுங்கள், உள்ளே செருகாதீர்கள். செயின் பக்கம் மட்டும் ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள்.

முழங்கால் தண்ணீரில் இந்தச் சாமர்த்தியமெல்லாம் செல்லாது. ஷூவைப் பையில் கட்டிக்கொண்டு ரப்பர் செருப்போடு கிளம்புங்கள். காலில் புண் இருந்தால் அன்றைக்கு பஸ்தான். எலிக்காய்ச்சல் அந்த வாசல் வழியாகவும் வரும்.

நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள், ஈரத்தை உறிஞ்சிவிடும். இந்தப் பத்திரிகையைத் திணிக்காதீர்கள். வழவழத் தாள், பிரயோஜனப்படாது.