பனங்காய் போட்டுத் தோய்த்த சட்டை

1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது. சவர்க்காரம் கண்ணில் படுவதே அரிதானது. பனை கைகொடுத்தது. பனங்காய்க் களியில் ஃபிளபெலிஃபெரின் என்ற சபோனின் இருக்கிறதாம். அதன் கசப்புக்கும் நுரைக்கும் அதுவே காரணம். அம்மாவுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. பழத்தைப் பிழிந்து, களியைத் துணியில் தேய்த்துத் தோய்ப்பா. ஊத்தை போகும், வாசம் போகாது. கொடியில் காயும் சட்டையைத் தேடி மாடு வந்துவிடும். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையின் கையை மாடு சப்பிய கதை எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒன்று இருந்தது. பூவரசங் கம்போடு காவல் நிற்பது என் உத்தியோகம்.

அண்மையில் கொழும்பில் ஒரு கடைக்குப் போனேன். கண்ணாடி அலுமாரிக்குள், சணல் நூல் கட்டி, பனம்பழச் சவர்க்காரம். சருமம் மினுங்குமாம்.

"முழுக்க நச்சுரல், அங்கிள்," என்றாள் விற்கும் பெண்.

"பூசினால் மாடு வராதோ, பிள்ளை?"

அவளுக்கு விளங்கவில்லை. விலையைப் பார்த்தபின் என் சருமம் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

சாப்பாட்டு விஷயத்தில் இந்தக் கேலிக்கு இடமில்லை. ஆடி, ஆவணியில் பழம் விழும். விடியமுன் ஓடிப் பொறுக்காவிட்டால் அடுத்த வளவுக்காரருக்குப் போய்விடும். களியைப் பிழிந்து, தும்பு வடித்து, பாயில் ஊற்றிக் காயவைத்து, அதன்மேல் மறுபடி ஊற்றி, நாள் நாளாக வெயிலோடு மாரடித்தால்தான் பனாட்டு. காகத்தையும் கலைக்க வேண்டும். பிழிந்த கொட்டைகளும் வீண்போகாது. பாத்தியில் அடுக்கினால் கிழங்கு, அதைக் காயவைத்தால் ஒடியல். அந்த நாளில் இதெல்லாம் வக்கற்றவர் தீன் என்று பேர் எடுத்திருந்தது. பாணும் பட்டரும்தான் கௌரவம்.

சட்டை மணக்குது என்று அழுது பள்ளிக்கூடம் போக மறுத்த என் தங்கச்சி இப்போது கனடாவில். இங்கிருந்து யார் போனாலும் பனாட்டு கொடுத்துவிடச் சொல்கிறாள். அங்கே கடையிலும் கிடைக்கிறதுதான். ஊர்ச் சாமான் போல வராதாம்.

சவர்க்காரத்தை வாங்குகிறவர்கள் வாங்கட்டும். பனங்காய்ப் பணியாரம் கண்டால் மட்டும் விடாதீர்கள். ஆனால் சுட்ட அன்றைக்கே வாயில் போடவேண்டாம், காறும். ஒரு நாள் பொறுத்துச் சாப்பிடுங்கள்.