மஞ்சள் பெல்ட்டும் மாதக் கட்டணமும்

கராத்தே வகுப்பில் பிள்ளைகள் முதலில் கற்பது குனிந்து வணங்க; பெற்றோர் கற்பது ஜிபே செய்ய. சேர்க்கைக்கு ஒன்று, சீருடைக்கு ஒன்று, பெல்ட் தேர்வுக்கு ஒன்று, தேறினால் அந்த பெல்ட்டுக்குத் தனியாக ஒன்று. 1924-இல் கிச்சின் ஃபுனகோஷி முதன்முதலாகக் கராத்தேயில் கறுப்புப் பட்டை வழங்கியபோது, வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே இத்தனை நிறம் விற்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

மஞ்சள் பெல்ட் வாங்கிய பையன் பக்கத்து வீட்டுப் பொடியனிடம் அடியும் வாங்கி வந்தால், அம்மா மாஸ்டரிடம் போகிறார்.

"கராத்தே அடிக்கறதுக்கு இல்ல மேடம், தற்காப்புக்கு."

"தற்காப்பும் நடக்கலையே சார்?"

"அது அடுத்த பெல்ட்ல வரும்."

பணத்தைக் கேட்டால் ரசீதின் அடிவரியைக் காட்டுவார்: கட்டிய கட்டணம் திருப்பித் தரப்படாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த வரிக்கு வணக்கம் போடுவதில்லை. குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர மறுப்பது, அதன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணமும் கிடையாது.

சேவையில் குறை என்பதை நிரூபிப்பதுதான் பாக்கி. எதிர்த்தரப்பு வக்கீலுக்கோ வேலையே இல்லை. ஒவ்வொரு பெல்ட் விழாவுக்கும் அம்மா வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை அச்செடுத்து நீட்டினால் போதும்: "எங்க வீட்டு புரூஸ் லீ! மாஸ்டருக்குக் கோடி நன்றி!"