சாக்பீஸ் சொல்லும் வேகம்

கேள்வி: மகன் 6.5 குதிரைத்திறன் இன்ஜின் வைத்து கோ-கார்ட் கட்டுகிறான். எவ்வளவு வேகம் போகும் என்று ஓட்டிப் பார்க்காமலே சொல்ல முடியுமா?
– வாசகர், கோவை

பதில்: தாராளமாக. குதிரைத்திறனைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, பல்லை எண்ணச் சொல்லுங்கள்! இன்ஜின் பக்கப் பல்சக்கரத்தில் 12 பல், பின் அச்சில் 60 பல் என்றால், இன்ஜின் ஐந்து சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. இந்த வகை இன்ஜின்களை கவர்னர் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,600 சுற்றோடு பிடித்து நிறுத்திவிடும். ஆக, சக்கரத்துக்கு 720.

அடுத்தது டயர். அதில் அச்சடித்த அளவை நம்ப வேண்டாம். பையனை சீட்டில் உட்காரவைத்து, தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். அந்தக் கோடு மறுபடி தரையைத் தொடும்வரை வண்டியைத் தள்ளி, டேப்பால் அளந்து பாருங்கள். 11 அங்குல டயருக்குக் கிட்டத்தட்ட 88 சென்டிமீட்டர் வரும். 720 × 0.88 × 60: மணிக்கு 38 கிலோமீட்டர்.

பின்னால் 48 பல் போட்டால் கணக்கு 47 காட்டும். கிளட்ச் வழுக்கினால் அதில் கொஞ்சம் போகும். வேகம் இரட்டிப்பானால் காற்றைக் கிழிக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும்; குதிரைத்திறனுக்கு வேலை அங்கேதான்.

1956-இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் கட்டிய முதல் கார்ட்டில் இருந்ததே புல்வெட்டும் இயந்திரத்தின் சின்ன இன்ஜின்தான். வேகம் போதவில்லை என்று கவர்னரை மட்டும் கழற்ற விடாதீர்கள். அளவு மீறிச் சுற்றினால் கனெக்டிங் ராடு உடைந்து இன்ஜினையே பிளந்துகொண்டு வரும். பிரேக்கை முதலில் சரிபாருங்கள். ஹெல்மெட் இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.