பொம்மை வாங்கப் போறியா? கொஞ்சம் குந்து!

வாப்பா சென்னைக்காரா. எங்க வீராணத்துத் தண்ணிய 2004லேருந்து குழாய் வச்சி உறிஞ்சிக் குடிக்கிற கூட்டத்துல நீயும் ஒருத்தன். இருந்தாலும் பேராண்டியாப் போயிட்ட, வான்னு சொல்லித்தான் ஆவணும். கையில என்னா அது, அம்மாம் பெரிய டப்பா? கொள்ளுப்பேரனுக்குக் காரா? ரிமோட்ட அமுக்குனா ஓடுமா? எவ்ளோ? ரெண்டாயிரத்து நூறா? மெதுவாச் சொல்லு ராசா. அந்தக் காரு ஓடுறதுக்கு முன்னாடி என் உசுரு ஓடிடப் போவுது.

குறுக்கு ரோட்டுல டீ குடிக்க வர்றவன்லாம் எங்கிட்ட ஒரு யோசனை கேட்டுட்டுத்தான் போறான். நீ கேக்க மாட்ட. அதனால நானே சொல்றன்.

பொம்ம விலைய ரூபாயில சொல்லாத. கூலியில சொல்லு. நூறு நாள் வேலைக்கு 2025-26ல நம்ம பக்கம் வச்சிருந்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபா. அதுவும் அளவெடுத்து முழுசாப் போட்டுக் குடுத்தா. ஒன் காரு ஆறேகால் நாள் வெயிலு. சரி, ஒன் சம்பளத்துக்கு அது மத்தியானச் சாப்பாட்டுக் காசுதான், வச்சிக்க. ஆனா அடுத்த கணக்கு ஒனக்கும் எனக்கும் ஒண்ணுதான்: இது எத்தன நாள் ஓடும்? தீவாளிக்கு வாங்குனது பொங்கலுக்கு இருக்குமா? கூலிய ஆயுசால வகுத்துப் பாரு. கம்ப்யூட்டர் படிச்சவன்தான, கணக்கு வராம இருக்காது.

நாங்க வாங்குன கதையக் கேளு. வருஷத்துக்கு ஒருக்காதான் பொம்மக் கடைய கண்ணால பாப்பம், விருத்தாசலம் மாசி மகத்துல. பழமலைநாதர் மணிமுத்தாத்துக்குத் தீர்த்தவாரிக்குக் கெளம்புவாரு. சாமியப் பாக்கணும்னு பெரியவங்க ஒரு பக்கம் இழுப்பாங்க, கடையப் பாக்கணும்னு நாங்க ஒரு பக்கம் இழுப்பம். பனையோலைக் காத்தாடி. ஊதுனா நீண்டு மூக்குல இடிக்கிற காயிதப் பீப்பி. அமுக்குனா டிக்கு டிக்குன்னு கத்துற தகரத் தவளை. எல்லாத்துக்கும் மேல அந்தத் தகரப் படகு இருக்கே, அதுக்கு இன்னைக்கும் நான் கும்பிடு போடுவன். உள்ள ஒரு சின்னத் தகரப் பை, பின்னாடி ரெண்டு குழாய், அவ்ளோதான் அதோட எஞ்சினு. திரிய ஏத்தி வச்சா பையில இருக்குற தண்ணி கொதிச்சி வெளிய தள்ளும், திரும்ப உறிஞ்சும், திரும்பத் தள்ளும். படபடன்னு அண்டாவுக்குள்ள சுத்தி வரும். பேட்டரி கெடையாது, பல்சக்கரம் கெடையாது. கெட்டுப் போறதுக்கு அதுக்குள்ள ஒண்ணுமே கெடையாது.

மலிவுன்னு நெனச்சிக்காத. கூலிய நெல்லா மரக்கால்ல அளந்து வாங்குன வீட்டுல ரொக்கமா ஓரணா எடுக்கணும்னா எங்கப்பாரு மடிய நாலு தடவ அவுத்துக் கட்டுவாரு. 1957 ஏப்ரல்ல நயா பைசா வந்துச்சு பாரு, அப்பத்தான் கூத்து. ஓரணாவுக்குக் கணக்குப்படி ஆறேகால் நயா பைசா. கால் நயா பைசாவுக்கு எங்க போறது? ஆறுதான்னு எங்கப்பாரு, ஏழுதான்னு கடைக்காரரு. நடுவுல தவளைய நான் அமுக்கிப் பாத்துக்கிட்டே நிக்கிறன். கடைசியில ரெண்டு பேரும் ஒத்துமையா எங்கையில இருந்து தவளையப் பிடுங்கிட்டாங்க. வாங்குன வருஷம் பொம்ம ஒடஞ்சா வீட்டுல ஒருத்தரும் தூக்கிப் போட மாட்டாங்க. கம்பிய வளைச்சி மாட்டுவம், தாரு வச்சி ஒட்டுவம், ஈயம் பூசுறவரு தெருவுல வந்தா அவரு காலப் பிடிப்பம். விலை அதிகம், அதனால ஆயுசும் அதிகம். சரக்கு ஒசத்தின்னு இல்ல. வேற வாங்க வக்கில்ல.

ஒடனே, தாத்தா பழசெல்லாம் தங்கம்னு ஆரம்பிச்சிட்டாருன்னு ஒம் பொண்டாட்டிகிட்ட கண்ணடிக்காத, பாத்துக்கிட்டுதான் இருக்கன். தகரப் பொம்ம வெளிம்பு கைய அறுத்துட்டு ஆஸ்பத்திரியில ஊசி போட்டவன் நம்ம தெருவுலயே நாலு பேரு உண்டு. பூசுன சாயத்துல ஈயம் எவ்ளோன்னு எவன் பாத்தான்? புள்ளைங்க அதத்தான் சப்புச்சிங்க. செல்லுலாய்டு பொம்மன்னு ஒண்ணு, ரோசா நெறத்துல கன்னம் உப்பிக்கிட்டு இருக்கும். அந்தக் காலத்து சினிமாச் சுருளு என்னா சரக்கோ அதே சரக்கு. அடுப்படிப் பக்கம் போனா பக்குன்னு பத்திக்கும். அதுலயும் சப்பான் சாமான்னா அப்ப மட்டச் சரக்குன்னு அர்த்தம். இன்னைக்கு நீ சப்பான் காருக்கு மாசத் தவணை கட்டிக்கிட்டு இருக்க.

விலை ஒசந்த பொம்மைன்னா ஒங்கப்பன் விளையாடுனதுதான். அவனக் கேளு. எழுபதுகள்ல மெட்ராசுக்கு வீராணத்துத் தண்ணி கொண்டு போறம்னு ஆளு ஒசரத்துக்குச் சிமிண்டுக் குழாய் வார்த்தாங்க. தண்ணி போவல. சர்க்காரியா கமிஷன் வந்து விசாரிக்கிற அளவுக்குக் கதை போச்சு, குழாய் மட்டும் ரோட்டோரமே வருஷக்கணக்காக் கெடந்துது. குடும்பமே நடத்துனவங்க உண்டு அதுக்குள்ள. புள்ளைங்களுக்கு அதுதான் ரயிலு, அதுதான் குகை, அதுதான் சிறைச்சாலை. அரசாங்கம் அம்மாம் செலவு பண்ணி வேற எந்த நாட்டுப் புள்ளைக்கு விளையாட்டுச் சாமான் செஞ்சி குடுத்துச்சு, சொல்லு பாப்பம்? ஒடையவும் இல்ல, பேட்டரியும் கேக்கல.

அப்புறம் பிளாஸ்டிக் வந்துச்சு. நாங்கள்லாம் சைக்கிள் டயரக் குச்சியால தட்டி ஓட்டித்தான் ரோடு பழகுனம். டயரு விக்கிற எம்.ஆர்.எப். கம்பெனிக்காரங்க 1987ல ஃபன்ஸ்கூல்னு பொம்மைக் கம்பெனியே ஆரம்பிச்சிட்டாங்க. நாங்க டயர வச்சி விளையாடுனம், அவங்க டயர வித்து விளையாட்ட வாங்குனாங்க. யாரு கெட்டிக்காரன்னு நீயே முடிவு பண்ணிக்க. சரக்கு என்னமோ கெட்டிதான், சும்மா சொல்லக் கூடாது. ஒஞ் சித்தப்பனுக்கு வாங்குன ஏணி பாம்பு அட்டை பரண்ல இன்னும் கெடக்குது, பாம்பு மட்டும் கொஞ்சம் வெளுத்துப் போச்சு.

2001 ஏப்ரல்ல இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாட்ட எடுத்துட்டாங்க. சைனாக்காரன் பொம்மைய மூட்டையில அனுப்புனான். துப்பாக்கி, ஹெலிகாப்டரு, கண்ண மூடித் தொறக்கிற பாப்பா, எல்லாம் சந்தைக்குச் சந்தை கொட்டிக் கெடந்துது. நாள் கூலிய வச்சிப் பாத்தா பொம்ம அவ்ளோ மலிஞ்சி நான் பாத்ததே இல்ல. அரை நாள் கூலிக்கு ஹெலிகாப்டரு! ஆனா அது அரை நாள்தான் பறந்துது. கணக்கு நேராப் போச்சு.

ஒடையறத விடு, அதுல கெடந்த வெஷத்தக் கேளு. 2007ல மாட்டெல்னு அமெரிக்காக்காரன், அந்த பார்பி பொம்மக் கம்பெனி, சாயத்துல ஈயம் இருக்குதுன்னு சைனாவுல செஞ்ச பொம்மைங்கள லட்சக்கணக்குல திருப்பி வாங்குனான். 2009 சனவரியில நம்ம அரசாங்கம் சைனா பொம்மைக்கு ஆறு மாசம் தடை போட்டுச்சு, அப்புறம் சோதனைச் சீட்டு இருந்தா வரலாம்னு கதவ ஒருக்களிச்சித் தொறந்து வச்சிது. 2019ல தர கவுன்சில்காரங்க வெளிநாட்டுப் பொம்மைய சோதிச்சிப் பாத்தா நூத்துக்கு 67 தேறல. நான் படிச்ச பள்ளிக்கூடத்துலகூட அவ்ளோ பேரு பெயிலாவல. அதுக்கப்புறம்தான் கிடுக்கிப்பிடி. 2020ல இறக்குமதி வரிய 20லேருந்து 60 ஆக்குனாங்க, 2023ல 70. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாம பொம்ம விக்கக் கூடாதுன்னு 2021 சனவரி 1லேருந்து சட்டம். வெளியேருந்து வர்ற பொம்ம 2014-15க்கும் 2022-23க்கும் நடுவுல பாதிக்கும் கீழ கொறஞ்சி போச்சுன்னு பேப்பர்ல போட்டான். 2025 செப்டம்பர்ல சாதாரண பொம்மைக்கு ஜி.எஸ்.டி. 12லேருந்து 5 ஆச்சு. சாதாரண பொம்ம வாங்குனப்ப நூத்துக்கு அந்த ஏழு ரூபாயக் கடைக்காரன் ஒனக்குக் கொறச்சானா? கேக்கலியா? கேக்க மாட்ட. கார்டத் தேச்சிட்டு கலர் பையத் தூக்கிக்கிட்டு வந்துருப்ப.

முத்திரை இருக்குதான்னு டப்பாவத் திருப்பிப் பாரு. இருக்கா? நல்லது. சாயத்துல ஈயம் இருக்குதா, வெளிம்பு அறுக்குமா, தொண்டையில சிக்குற துண்டு கழண்டு வருமா, நெருப்புல பத்துமான்னு பாத்துத்தான் அத அடிப்பாங்க. நம்ம காலத்துல அது இருந்துருந்தா பாதித் தெரு தழும்பில்லாம வளந்துருக்கும். ஆனா எத்தன மாசம் ஓடும்னு அந்த முத்திரைக்குத் தெரியாது. அதப் பாக்க நான்தான் வேணும். கவுத்துப் பிடி. அடியில திருகாணி இருக்குதா? திருகாணி இருந்தா நாளைக்குத் தொறந்து பாக்கலாம், ஒயரு விட்டுப் போயிருந்தா பத்த வைக்கலாம். ஒட்டி மூடியிருந்தா அது பொம்மையில்ல, சமாதி. பேட்டரி மூடிக்கும் திருகாணி கட்டாயம் இருக்கணும். பொத்தான் மாதிரி இருக்குமே அந்தக் குட்டி பேட்டரி, அதப் புள்ள முழுங்குனா ரெண்டு மணி நேரத்துல உள்ள புண்ணாக்கிடும். இதுல மட்டும் நான் கிண்டல் பண்ணல, கேட்டுக்க. முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிதான், வாழப்பழ வைத்தியமெல்லாம் ஆவாது.

ஏம்மா, நீ சிரிக்கிறியே, ஒன் வீட்டுல அந்த டென்மார்க் கட்டைய வாங்கி வச்சிருக்க, லெகோவா, அது மட்டும் கொள்ளை விலை இல்லியா? கொள்ளை விலைதான். ஆனா அவன்கிட்ட எனக்குக் கோவமில்ல. 1958ல வார்த்த கட்டை இன்னைக்கு வார்த்த கட்டையில கச்சிதமா மாட்டுமாம். அறுவத்தஞ்சி வருஷம் தாண்டியும் அச்சு மாறாம வச்சிருக்கான். ஆயுசால வகுத்துப் பாரு, ஒம் புருசனோட காரவிட அது மலிவு. கால்ல குத்துனா உயிர் போவுதுங்கற, அதுவும் அது ஒடையாததாலதான்.

சரி, இவ்ளோ தூரம் வந்துட்ட. விருத்தாசலத்துக்கு ஒரு நடை போய்ட்டு வா. நெய்வேலியில நிலக்கரிக்குத் தோண்டுறப்ப மேல வர்ற வெள்ளக் களிதான் அந்த ஊருக்கே சோறு போட்ட மண்ணு. பீங்கான் படிக்கிறதுக்குன்னே அரசாங்கக் கல்லூரி இருக்குது அங்க, ஒனக்குத் தெரியுமா? ஒனக்கு ஏது தெரியும். தொழிற்பேட்டையில போய் நின்னு பாரு. களியக் கூழாக் கரைச்சி பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சுக்குள்ள ஊத்துவாங்க. அச்சு தண்ணிய உறிஞ்சிக்கும், ஓரத்துல தோலு பிடிக்கும், மிச்சக் கூழ வடிச்சிடுவாங்க. பிள்ளையாரு உள்ள காலி, அதான் அவ்ளோ வயிறிருந்தும் எடை இல்ல. காய வச்சி, தேச்சி, சூளையில வச்சி, மேல பளபளப்பு பூசித் திரும்பச் சூளை. யானை, குதிரை, உண்டியலு, அகலு, சாமி எல்லாம் இந்த வழியாத்தான் வருது.

அந்தப் பட்டறைங்க ஒரு காலத்துல வீட்டுக்கு வீடு மீட்டர் பெட்டியில இருந்த பியூஸ் கேரியரையும் செஞ்சுதுங்க. இப்ப எல்லா வீட்டுலயும் பட்டுன்னு விழுற சுவிட்சு மாட்டிட்டான், பியூஸ் கட்டுறது எப்படின்னே ஒனக்குத் தெரியாது. கொலு வந்தா, கார்த்திகை வந்தாத்தான் அங்க சூளைக்கு மூச்சு வருது. விறகும் கேஸும் ஏறுனது பொம்மையில ஏறலன்னா அவன் என்னா பண்ணுவான்? சைனாப் பிள்ளையாரு வேற, காதுல பல்பு எரிய வந்து நிக்கிறாரு.

கைவினைக்காரருன்னு பதிஞ்சி வச்சவங்களுக்கும் புவிசார் குறியீடு வாங்குன பொம்மைக்கும் ஐ.எஸ்.ஐ. வேணாம்னு 2020 டிசம்பர்லயே விலக்கு குடுத்துட்டாங்க. தஞ்சாவூரு தலையாட்டிப் பொம்ம அதுல தப்பிச்சிக்கிச்சு. தலையாட்டுனாத் தப்பிக்கலாங்கறது ஆபீசுல எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதிதான.

பீங்கான் வாங்குறப்ப வெரல் முட்டியால தட்டு. டங்குன்னு நீளமாக் கேட்டா எடு. டொக்குன்னு கேட்டா உள்ள மயிரிழை விரிசல் ஓடுது, வச்சிட்டு வந்துடு. பளபளப்புல ஊசிக்குத்து மாதிரி ஓட்டை இருந்தா அது ரெண்டாந்தரம், அதக் காட்டி விலை கேளு. நல்ல சரக்குக்கு மட்டும் பேரம் பேசாத. நான் பேசுவன், அது வேற. அறுவது வருஷமா அந்தத் தெருவுல பேசிக்கிட்டு இருக்கன், பேசலன்னா ஒடம்பு சரியில்லியான்னு கேப்பாங்க.

ஆமா, பீங்கான் பொம்ம ஓடாது, பேசாது, கீழ போட்டா ஒரே வினாடியில ஆயுசு முடிஞ்சிடும். அதான் புள்ளைய ஒக்கார வச்சிப் பாத்து எடுக்கச் சொல்லணும். மூணு வயசுக்குக் கீழன்னா கையில குடுக்காத, உண்டியலா வாங்கி அலமாரியில வை. அடுத்த காரு வாங்காம மிச்சம் பிடிச்சத அவனே போட்டு வைக்கட்டும்.

போறது போற, எனக்கு டீ கப்பு ரெண்டு. காது தடிமனா இருக்கறதாப் பாத்து எடு, மெல்லிசுன்னா வெரலு சுடும். தட்டிப் பாக்க மறந்துடாத. காசா? யோசனை மட்டுந்தாம்பா நம்ம துறை. காசு துறை ஒங்க ஆயாகிட்ட. அவ முந்தானையில முடிஞ்சி வச்சிருக்கா, போய்க் கேளு. எங்கப்பாரு மடிய விட அந்த முடிச்சு கெட்டி.