மாமா வந்த அமாவாசை

சிட்னியில் மகள் வீடு ஹார்ன்ஸ்பி பக்கம். கொல்லைக் கதவைத் திறந்தால் யூகலிப்டஸ் காடு. "நிறைய பறவை வரும்ப்பா, பொழுது போறதே தெரியாது" என்று சொல்லித்தான் எங்களை வரவழைத்தாள்.

மறுநாள் இருட்டு பிரியுமுன்னே நாலைந்து பேர் கூரைமேல் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார்கள். குக்கபராக்களாம். அது சிரிப்பும் இல்லையாம். 'இது எங்க இடம்' என்று பக்கத்துக் குக்கபராக் குடும்பத்துக்குச் சொல்லும் எச்சரிக்கை. மீன்கொத்தி இனத்திலேயே பெரிய பறவை. ஆனால் மீனுக்கு அலைவதில்லை. பல்லி, பூச்சி, சமயத்தில் பாம்பு.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கொல்லையில் பார்பிக்யூ அடுப்பு மூட்டி, எங்களுக்காக சோயா சாசேஜ் வாட்டினார். என் தட்டுக்கு வந்ததை ஒரு குக்கபரா லபக்கென்று தூக்கிப்போய்க் கிளையில் படார் படார் என்று அடித்தது. பாம்பைப் பிடித்தால் அப்படி அடித்துத்தான் எலும்பை நொறுக்குமாம். சோயா எந்த ஜன்மத்தில் நெளிந்தது? இருந்தாலும் பழக்கம் விடாதே. ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் நான் எட்டரை மணிக்குச் சட்டை மாட்டிக்கொள்ளவில்லையா?

புரட்டாசி அமாவாசை வந்தது. மனைவி பருப்புச் சாதத்தில் தாராளமாக நெய் ஊற்றி, கொல்லைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்து "கா... கா..." என்றாள். கருப்பாக ஒன்று வந்து இறங்கியது.

"மாமாவே வந்துட்டாருங்க!"

உற்றுப் பார்த்தேன். கண் மஞ்சள். அப்பாவுக்குக் காமாலை வந்ததே கிடையாது. வாலடியில் வேறு வெள்ளை. சாதத்தைத் துளி விடாமல் தின்றுவிட்டு, நேரே எதிர்ப் புதருக்குள் நுழைந்து, ஏதோ ஒரு சின்னப் பறவையின் கூட்டிலிருந்து குஞ்சைக் கவ்விக்கொண்டு பறந்தது. என் அப்பா வெங்காயம்கூடத் தொடாதவர்.

"அது காக்கா இல்லம்மா, கரவாங்" என்றாள் மகள். முன்பெல்லாம் குளிர்காலத்தில் மட்டும் மலையிலிருந்து சிட்னிக்கு இறங்கி வருமாம். வீட்டுத் தோட்டத்துப் பழமும், மனிதர்கள் வைக்கும் தீனியும் ருசி கண்டு, இப்போது வருஷம் முழுக்க இங்கேயே குடித்தனம். தன் குஞ்சுக்கு அடுத்தவர் குஞ்சை ஊட்டி வளர்க்கிறது. "நீ சோறு வச்சா, சின்னப் பறவைங்களுக்குத்தான் ஆபத்து."

ஐப்பசி அமாவாசைக்குச் சாதம் சமையல் மேடையைத் தாண்டவில்லை. ஜன்னலும் சாத்தியிருந்தது. சாப்பிட்டது நான்தான்.

கரவாங்குக்கு ஊற்றிய அளவு நெய் இல்லை.