ஆளில்லாத கரைக்கு ஒரு காரணம் இருக்கும்

கத்ர் போர்ன்,
மொரீசியஸ்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பணி ஓய்வு பெற்ற கையோடு இங்கே வந்து தங்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். மிகவும் சந்தோஷம். கூடவே மூன்று நிபந்தனைகளும் போட்டிருக்கிறீர்கள். கடற்கரையில் ஈ, காக்கை இருக்கக் கூடாது. தண்ணீருக்குள் மீனை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். செலவு கையைக் கடிக்கக் கூடாது. மின்வாரியத்தில் டெண்டர் விட்டே பழகிய கை, சும்மா இருக்குமா? என் விலைப்புள்ளியை வரிசையாகத் தருகிறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். தீவின் நீளம் சுமார் 65 கிலோமீட்டர், அகலம் 45. கரூரிலிருந்து திருச்சி போகும் தூரத்துக்குள் ஒரு நாடே முடிந்துவிடுகிறது. எந்த ஊரில் இருந்தாலும் கடல் பக்கத்தில்தான். பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் ஜனம். அத்தனை பேருக்கும் கடல் என்றால் உயிர். அதனால் இங்கே ஒரு நல்ல கடற்கரை காலியாகக் கிடந்தால், உடனே துண்டை விரித்துவிடாதீர்கள். ஏன் காலியாகக் கிடக்கிறது என்று விசாரியுங்கள். எனக்குத் தெரிந்த காரணங்களைச் சொல்கிறேன்.

முதல் காரணம், கிழமை. மேற்கே ஃபிளிக்-அன்-ஃபிளாக் என்று ஒரு கடற்கரை. கிலோமீட்டர் கணக்கில் வெள்ளை மணல், கரையோரம் முழுக்கச் சவுக்குமரம். ஞாயிற்றுக்கிழமை போனால் ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு குடும்பம் கூடியிருக்கும். பாட்டி மடக்கு நாற்காலியில், பேரன் தண்ணீரில், நடுவில் ஒரு தேக்சா பிரியாணி. சாயங்காலமானால் ரவான் என்ற பறையைத் தீயில் காட்டிச் சூடேற்றி, சேகா பாட்டு ஆரம்பித்துவிடும். திங்கட்கிழமை காலை அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். நீங்களும் நாலு நாயும்தான். நீங்கள் ஓய்வு பெற்றவர். உங்களுக்கு எல்லாக் கிழமையும் திங்கட்கிழமை. அமைதி தேடித் தீவைச் சுற்ற வேண்டாம், காலண்டரைப் பார்த்தால் போதும்.

இரண்டாவது, காற்று. ஆடி மாதத்தில் கல்யாணம் காட்சி ஏதும் இல்லை, ஜூலையில் வருகிறேன் என்கிறீர்கள். இங்கே அப்போது குளிர்காலம். மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று வலுத்து அடிக்கும். கிழக்கே பெல் மார் கடற்கரையின் போட்டோவைப் பார்த்துவிட்டுத்தானே சித்தி அங்கே போகவேண்டும் என்றார்? போட்டோவில் காற்று தெரியாது சித்தப்பா. ஜூலையில் அங்கே நின்றால் மணல் முகத்தில் அறையும், கடலும் கலங்கிக் கிடக்கும். அந்த நாட்களில் மலைகளுக்கு மறைவாக இருக்கும் மேற்குப் பக்கமோ, வடமேற்கே த்ரூ-ஓ-பிஷ் பக்கமோதான் சரி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்தியப் பெருங்கடலின் இந்தப் பக்கத்துக்கும் பொருந்துகிறது. தீபாவளியை ஒட்டி வந்தால் காற்றும் தணிந்திருக்கும், தண்ணீரும் தெளிந்திருக்கும். ஜனவரி, பிப்ரவரி வேண்டாம். அது புயல் காலம்.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். இந்தத் தீவைச் சுற்றி ஏறக்குறைய முழுவதும் பவளப்பாறை மதில் எழுப்பியிருக்கிறது. பேரலைகள் அந்த மதிலில் மோதி வெளியிலேயே உடைந்துவிடும். உள்ளே தண்ணீர் தெப்பக்குளம்போல் நிற்கும். அந்த மதில் இல்லாத இடங்களில் தெற்கே சுய்யாக் ஊருக்கு அருகிலுள்ள க்ரி-க்ரி ஒன்று. கறுத்த பாறை, சீறும் அலை, பார்க்க மனம் நிறையும். ஆனால் இறங்கினால் திரும்புவது சந்தேகம். விமான நிலையத்துக்கு அருகே லா கம்ப்யூஸ் என்று ஒன்று. வார நாட்களில் அங்கே உங்கள் முதல் நிபந்தனை முழுதாக நிறைவேறும். ஆனால் நீரோட்டம் இழுக்கும், தலைக்கு மேலே விமானம் உறுமும். உட்கார்ந்து சுண்டல் சாப்பிடலாம், அவ்வளவுதான். மதில் இருக்கும் இடங்களிலும் அங்கங்கே படகு போகும் வழியாக இடைவெளி உண்டு. உள்ளே வந்த தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் வெளியேறும். பக்கத்தில் போனால் நம்மையும் சேர்த்துக் கூட்டிப்போய்விடும்.

நான்காவது காரணம் உங்களுக்குப் பிடிக்கும், சட்டம் சம்பந்தப்பட்டது. சில கடற்கரைகள் காலியாக இருப்பதற்கு, முன்னால் பெரிய ஓட்டல் நிற்பதும் அதன் வாசல் காவலாளியின் மீசையுமே காரணம். கரையை ஒட்டி சுமார் 81 மீட்டர் அகலப் பட்டை, பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே அரசாங்கத்தின் நிலம். ஓட்டல்காரர்கள் அதைக் குத்தகைக்குத்தான் எடுத்திருக்கிறார்கள். அலை ஏறித் தொடும் கோட்டுக்குக் கீழே உள்ள மணல் எல்லோருக்கும் பொது. பக்கத்துப் பொதுக் கடற்கரையில் இறங்கி ஈர மணலிலேயே நடந்து போனால் யாரும் தடுக்க முடியாது. அவர்கள் சாய்வு நாற்காலியில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். விதி எண்ணைச் சொல்லி வாதாடவும் வேண்டாம். நீங்கள் ஆரம்பித்தால் காவலாளி வேலையை விட்டுவிடுவார்.

இனி மீன். தென்கிழக்கு மூலையில் புளூ பே என்று பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா இருக்கிறது. சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலிலும் சேர்ந்திருக்கிறது. மனித மூளையின் மடிப்புகளோடு, ஒரு சின்ன அறையை அடைக்கும் அளவுக்கு வளர்ந்த பவளம் அங்கே உண்டு. மூளை அவ்வளவு பெரிதாக இருந்தும் பேசாமல் இருப்பதைப் பார்க்கும்போது, நம் வீட்டுப் பெரியவர்கள் சிலரை அழைத்துவந்து காட்ட ஆசை. உங்களைச் சொல்லவில்லை. சவுக்குக் குச்சியாய் நீண்ட மீன், வரிவரியாய் மீன், மஞ்சளும் கறுப்புமாய்க் கடற்சாமந்திக்குள் ஒளிந்து விளையாடும் கோமாளி மீன். இந்தக் கடைசி ஆளில் ஒரு வகை மொரீசியஸ் பக்கத்துக் கடலைத் தவிர வேறெங்கும் இல்லை. பிறகு கிளிமீன். அது அலகால் பாறையைக் கறுக்மொறுக்கென்று கடிப்பது தண்ணீருக்குள் காதில் விழும். தின்ற சுண்ணாம்பை அரைத்து மணலாகப் பின்பக்கம் விட்டுவிடும். வெல்வெட் மாதிரி இருக்கிறதென்று நாம் காலாற நடக்கும் வெள்ளை மணலில் கணிசமான பங்கு அந்த வகையில் வந்ததுதான். ஆசாரம் பார்க்கும் சித்தியிடம் இதை ஊருக்குத் திரும்பிய பிறகு சொல்லலாம்.

இவ்வளவு அழகும் கெட்டியானதில்லை. 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் புளூ பேக்குப் பக்கத்திலேயே பாறையில் ஏறி நின்றது. சில நாளில் சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கசிந்தது. ஊர் ஜனம் அரசாங்கத்துக்காகக் காத்திருக்கவில்லை. கரும்புச் சோகையைத் துணியில் திணித்து நீளநீளமாகத் தைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு எண்ணெயை மறித்தார்கள். அதை அறிந்தபின், இங்கே பவளத்தை மிதிக்கிறவரைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் ஏன் கத்துகிறார்கள் என்பது புரியும். பவளத்தைத் தொடக் கூடாது, ஒடிக்கக் கூடாது, எடுத்துப்போகக் கூடாது. கொலுவில் வைக்க ஒரு பை நிறையச் சங்கும் பவளமும் வேண்டும் என்ற சித்தியின் விண்ணப்பம் இதனால் நிராகரிக்கப்படுகிறது.

அடுத்து உபகரணம். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் என்னிடம் இருக்கின்றன. கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க எளிய வழி, உட்புறம் எச்சில் துப்பித் தேய்த்து அலசிவிட்டு மாட்டுவது. உலகம் முழுக்க முக்குளிப்பவர்கள் பலரும் செய்வது இதைத்தான். டம்ளரை அண்ணாந்து குடிக்கும் குடும்பத்திலிருந்து வருகிறீர்கள், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். காலுக்கு ரப்பர் செருப்பு அவசியம். கடல்முள்ளி குத்தினால் வலிக்கும். கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீன் குத்தினால் ஆஸ்பத்திரிதான். முதுகு வெந்துபோகும், பனியனோடு இறங்குங்கள். வேட்டி வேண்டவே வேண்டாம். மீன்கள் நம்மைப் பார்க்கும் நிலை வந்துவிடும்.

அமராவதி ஆற்று வெள்ளத்திலேயே எதிர்நீச்சல் போட்டவன் என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கலே அதுதான். இங்கே நீச்சல் வீரம் உதவாது. குப்புறப் படுத்து, கையைக் காலை ஆட்டாமல், வாயையும் மூடிக்கொண்டு மிதக்க வேண்டும். அடித்து நீந்தினால் மீனெல்லாம் ஓடிவிடும். எதுவும் செய்யாமல் இருப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் அலுவலகத்துக்குப் போய் யோசனை சொல்லிவிட்டு வருகிறவருக்கு அது கஷ்டம்தான். வீட்டுக் கட்டிலில் பழகிப் பாருங்கள்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். பேருந்து உண்டு. தெருவோரத்தில் தால் பூரி உண்டு. காத்தோ பிமான் என்று சூடாக விற்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு கடித்தால் நம் பருப்பு வடைதான். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும். நூறு ரூபாய் நோட்டில் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வம்சாவளித் தலைவரின் படமே இருக்கும். ஆனால் முன்னோர் தமிழர்களான பலர் வீட்டில் பேசுவது கிரியோல். தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை, அலகு குத்திக் காவடி எடுக்கிறார்கள். இந்தியாவிலிருந்து வந்தவர் என்று தெரிந்தால் சவுக்கு மரத்தடியில் கூப்பிட்டு உட்காரவைத்துத் தட்டை நீட்டிவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அகப்பட்டுக்கொண்டால் முதல் நிபந்தனை அன்றைக்கே காலாவதி. உங்களுக்கு எந்த ஊர்க் கூட்டத்தில்தான் வாய் சும்மா இருந்திருக்கிறது?

கடைசியாக ஒன்று, தயங்கித் தயங்கி எழுதுகிறேன். முகக்கண்ணாடியின் ரப்பர் விளிம்பு மேலுதட்டில் ஒட்டினால்தான் தண்ணீர் உள்ளே வராது. உங்கள் மீசையின் பரப்பளவு எனக்குத் தெரியும். மூக்கடியில் ஒரு விரற்கடை மழித்தால்கூடப் போதும் என்கிறார்கள். மீனா, மீசையா என்று முடிவெடுத்து எழுதவும். சித்தியின் ஓட்டு எதற்கு என்பதை அவர் ஏற்கெனவே எனக்குத் தனியாகச் சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்,
குமார்