மாப்ள மீனுக்குப் போறாரு

வா மாப்ள, உக்காரு. சனிக்கிழமை விடியக்காலம் கூட்டாளியோட லேனியர் ஏரிக்குப் பாஸ் மீன் பிடிக்கப் போறியாம்ல? என் மக சொன்னா. சந்தோசம். கார் நிறுத்துற கொட்டகையில நீ அடுக்கி வச்சிருக்குற சாமானையும் பாத்தேன். நாலு பெட்டி, ஏழு கம்பு, ஐஸ்பெட்டி ஒண்ணு, மடக்கு நாற்காலி ரெண்டு. பொண்ணு வீட்டுச் சீர்வரிசை தோத்துரும். குத்துவெளக்கு ஒண்ணுதான் குறை. நீ மீனப் பிடிக்கப் போறியா, மீனக் கட்டிக்கப் போறியா?

நான் கண்மாய்க்கரையில பொறந்தவன். தங்கூசி, தக்கை, மண்புழு, இதத் தாண்டி எனக்கு ஒரு எழவும் தெரியாது. அதனால நான் சொல்றத நீ கேக்கணும்னு கட்டாயமில்ல. தாய்மாமன் சொல்றேன்னு வேணும்னா கேட்டுக்க.

மொதல்ல நேரம். "நாலு மணிக்கே கெளம்பணும் மாமா"ங்குற. ஆபீசு மீட்டிங்க படுக்கையில இருந்தே முடிக்கிற ஆளு நீ. இருந்தாலும் சொன்னது சரிதான். ஜூலை மாசம் மேல்தண்ணி 30 டிகிரி கிட்ட காஞ்சு கெடக்கும். அடியில குளுகுளுன்னு இருக்கும், ஆனா ரொம்பக் கீழ போனா மீனுக்கு மூச்சு பத்தாது. அதனால ரெண்டுக்கும் நடுவுல, 20, 30 அடி ஆழத்துல, முங்கிக் கெடக்குற மரக்கொப்புக்குள்ள போயி ஒதுங்கிக்கிரும். விடியக்கருக்கல்ல ஹெரிங்குன்னு ஒரு பொடிமீனு, நம்ம மத்திக்குத் தூரத்துச் சொந்தம், அத வெரட்டிக்கிட்டு மேல வரும். அந்த ஒண்ணு ரெண்டு மணி நேரந்தான் உனக்கு. வெயில் ஏறிருச்சுன்னா மீன் பாட்டுக்குக் கீழ போயிரும், நீ பாட்டுக்கு மேல வேகணும்.

ஏரிக்கு யாரு பேரு வச்சிருக்காக தெரியுமா? சிட்னி லேனியர். ஜார்ஜியாக்காரரு, புலவரு. சட்டஹூச்சி ஆத்தப் பத்திப் பாட்டுக் கட்டினவரு. 1950கள்ல ராணுவப் பொறியாளருக அதே ஆத்துக்குக் குறுக்க பியூஃபோர்டு அணையக் கட்டி, தேங்குன தண்ணிக்கு அவரு பேரையே வச்சுட்டாக. நம்ம ஊர்ல புலவருக்குச் செலை வச்சுக் காக்காய்க்கு விட்டுருவோம். இவுக 38,000 ஏக்கர் தண்ணியவே எழுதி வச்சிருக்காக. பெரிய மனசுதான். ஆனா மீன் எந்த ஏக்கர்ல இருக்குன்னு புலவரு எழுதி வைக்கல. அதுக்குத்தான் உன் கூட்டாளி படகுல ஒரு திரை மாட்டியிருக்கான். அடியில கெடக்குற மீனு அதுல தெரியுமாம்ல? தெரியட்டும். வீட்டுல நாளெல்லாம் திரையப் பாக்குற நீ, அங்கயும் போயி அதத்தான் பாக்கப் போற.

பெட்டியத் தொறந்து பாத்தேன், கோவிச்சுக்காத. அத்தனையும் ரப்பர்ப் புழு. ஊதா, பச்சை, மினுக்குறது, மினுக்காதது. 1949ல ஒகாயோவுல நிக் கிரீம்னு ஒருத்தரு இத ஆரம்பிச்சு வச்சாராம். மண்ணக் கெளறுனா காசில்லாமக் கெடைக்குறத மனுசன் பாக்கெட்டு போட்டு வித்துட்டாரு பாரு, அவரு பொழைக்கத் தெரிஞ்சவரு. வாங்குன உன்னப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. அதுல ஒரு பாக்கெட்டுல பூண்டு வாசனை. மீனு கடிக்கலேன்னா புளி கரைச்சு ஊத்திறலாம்.

இம்புட்டும் எதுக்குச் சொல்றேன்னா, இதே ஜார்ஜியாவுல, தெக்க, மாண்ட்கோமரி ஏரின்னு ஒண்ணு. ஒக்மல்கி ஆறு வழிமாறிப் போனப்ப விட்டுட்டுப் போன பழைய வளைவு. 1932 ஜூன் 2. ஜார்ஜ் பெர்ரின்னு ஒரு இளவட்டம், இல்லாதபட்ட சம்சாரி. மழை ஊத்துது, உழவு ஓடாது. சரின்னு கூட்டாளியக் கூப்பிட்டுக்கிட்டு ஏரிக்குப் போயிட்டான். ரெண்டு பேருக்கும் சேத்து ஒத்தக் கம்பு. அவன் கொஞ்ச நேரம், இவன் கொஞ்ச நேரம். மாட்டுனது 22 பவுண்டு 4 அவுன்சு. நம்ம கணக்குக்கு 10 கிலோ! எடை போட்டு, ஒரு பத்திரிகை நடத்துன போட்டிக்கு எழுதிப் போட்டுட்டு, மீன என்ன செஞ்சான்னு கேளு. வீட்டுக்குக் கொண்டுபோனான், ஆக்கித் தின்னுட்டாக. உலக சாதனைய, மாப்ள! முள்ளு கூட மிஞ்சல.

அதுக்கப்புறம் எத்தன கம்பெனி, எத்தன கம்பு, எத்தன திரை! 77 வருசம் கழிச்சு, 2009ல, ஜப்பான்ல பீவா ஏரியில மனாபு குரிட்டான்னு ஒருத்தரு எட்டிப் பிடிச்சாரு. பெர்ரி மீன விட ஒரு அவுன்சு கூட முழுசாக் கூடல. ரெண்டு அவுன்சு கூடுனாத்தான் முந்துனதாக் கணக்காம். அதனால ரெண்டு பேரும் சமம்னு எழுதி வச்சிருக்காக. ஒத்தக் கம்புக்காரன இன்னும் எவனும் தாண்டல. நீ ஏழு கம்போட போற.

பாஸு கெடைச்சா எப்படித் தூக்குவீக? கட்டைவெரல வாய்க்குள்ள விட்டு, கீழ் உதட்டப் பிடிச்சு. பல்லு சொரசொரன்னு இருக்கும், அவ்வளவுதான்; வெரலுக்குச் சேதமில்ல. இதே வித்தைய நம்ம கண்மாயில விரால்கிட்டக் காட்டிறாத. போறப்ப வெரல எண்ணிக்கிட்டுப் போகணும், வந்ததும் எண்ணிப் பாக்கணும்.

விரால்னதும் ஞாபகம் வருது. அந்தக் குடும்பத்துல வடக்கத்தி வகை ஒண்ணு, 2019ல, இந்தா பக்கத்துல குவின்னெட் கவுண்டியில ஒரு குளத்துல மாட்டிக்கிருச்சு. ஜார்ஜியாவுல அதுதான் மொதத் தடவை. அரசாங்கம் என்ன சொல்லுச்சு? திருப்பி விடாத, கண்டதும் கொல்லு, போட்டோ எடு, எங்களுக்குத் தகவல் சொல்லு. காத்த மூச்சாக்கிக் கரையேறுனாலும் கெடக்கும், ஊரு மீனையெல்லாம் தின்னுரும்னு பயம். அவுக பயம் ஞாயந்தான். ஆனா நம்ம பக்கம் ஆபரேசன் பண்ணிப் படுத்திருக்கவுகளுக்குத் தேடிப் பிடிச்சுக் கொழம்பு வச்சுக் குடுக்குற சாதி அது. விசா இல்லாம வந்தா விராலுக்கும் அந்தக் கதிதான் போல.

பாஸுக்கு மட்டும் ராசமரியாதை. பிடிக்கணும், படம் எடுக்கணும், விட்டுறணும். 1972ல ரே ஸ்காட்டுன்னு ஒருத்தரு, மீன்பிடிப் போட்டி நடத்துனவரு, இதப் பரப்பி விட்டாரு. விடு, நான் வேணாங்கல. ஆனா விடுறவன் வெரசா விடணும். சுடுதண்ணியில கெடந்து இழுபட்டு வந்த மீனு, ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்கும். அதக் கையில வச்சுக்கிட்டு, கண்ணாடிய மாட்டிக் கழத்தி, சிரிச்சு, சிரிக்காம, பத்துப் படம் எடுத்துட்டுத் தண்ணியில விட்டா, நீந்திப் போற மாதிரி போயி அங்கிட்டுச் செத்து மெதக்கும். ஒரு படம் போதும். கையக் கேமராப் பக்கமா நீட்டிக்க, அரைக்கிலோ ரெண்டு கிலோவாத் தெரியும். அது உனக்கு நான் சொல்லித் தரணுமா.

கூட்டாளி விசயத்துல ஒண்ணே ஒண்ணு. படகு அவனுது. அவன் மீனு அத்துக்கிட்டு ஓடுனா "பெருசுடா"ன்னு மட்டும் சொல்லு. உன் மீனு ஓடுனா அவனும் சொல்லுவான். கரையேறுறப்ப ரெண்டு பேருக்கும் ஓடிப்போன மீனுதான் எடை கூட நிக்கும்.

ஆகமொத்தம், பெட்டியில மூணு வேணாம். கம்புல அஞ்சு வேணாம். நாற்காலி வேணவே வேணாம். நேத்து சாயங்காலம் நீ ஆபீசுல இருக்கப்ப உன் கூட்டாளி வீட்டுப் பக்கம் காலாற நடந்து போனேன். வாசல்லதான் படகு நின்னுச்சு. இந்தச் சாமானெல்லாம் ஏறலேன்னா பின்னால இன்னொரு ஆளு தாராளமாக் குந்தலாம். அவனும் "வாங்க அங்கிள்"னுதான் சொன்னான். லைசென்சு பத்தி யோசிக்காத, விசாரிச்சுட்டேன். தூண்டிலத் தொடுறவனுக்குத்தான் அது வேணும், புத்தி சொல்றவனுக்கு வேணாம். ஆனா படகுல ஏறுற ஆளுக்கெல்லாம் லைஃப் ஜாக்கெட்டு இருக்கணுமாம். எனக்குப் பெரிய சைசு பாத்து எடுத்து வை.